பூட்டி வைத்த பதில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற காலனியில் சாராள் என்றால் ஒரு காலத்தில் தனி மரியாதை. செல்போனில் வருகிற செய்தி நிஜமா புளுகா என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவள் வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள். அவளும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, போனை வாங்கி, தலைப்பை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தூண்டில்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே மாட்டாள். படிக்காமலே சொல்கிறாளே என்று காலனி வாயைப் பிளக்கும். வாயைப் பிளக்கிற நேரத்தில் கொஞ்சம் யோசித்திருந்தால் எவ்வளவோ தேவலாம். அந்த யோசனை அப்போது யாருக்கும் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை.

சாராளின் அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். கழனி போய்க் கம்பெனி வந்தது, அவர்கள் வயிற்றுப் பிள்ளைகள் கம்பெனிக்குப் போனார்கள். சாராள் ஒருத்திதான் பொன்னேரிக்கு ரயிலில் போய்ப் படித்து பி.காம். முடித்தாள். முடித்து என்ன வாழ்ந்தது? ஒரு மாத்திரைக் கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலைதான் கிடைத்தது. அன்புவைக் கட்டிக்கொண்டு, இளமதி பிறந்ததும் அந்த வேலையும் நின்றது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நான் படித்த படிப்பு இதற்குத்தானா என்று அவள் நொந்துகொண்டிருந்த சமயத்தில்தான் பழைய காலேஜ் தோழிகளின் வாட்ஸப் குரூப்பில் அந்தச் செய்தி வந்தது. வீட்டிலிருந்தே வேலை, நல்ல தமிழ் தெரிந்தால் போதும் என்று ஒருத்தி போட்டிருந்தாள்.

வேலை கொடுத்தவள் பேர் மைத்ரேயி. திருவள்ளூர்ப் பெண். அப்பா அங்கே பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். பெண் சென்னையில் ஒரு பெரிய இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இணையத்தில் செய்தி போடுகிறவன் எப்படி ஆசை காட்டியும் பயம் காட்டியும் ஆளை உள்ளே இழுக்கிறான், அதை ஒரு இயந்திரம் தானாகவே கண்டுபிடிக்குமா என்பதுதான் ஆராய்ச்சி. இயந்திரத்துக்கு முதலில் மனிதர்கள் சொல்லித்தர வேண்டுமாம். அதற்கு ஆயிரக்கணக்கில் செய்தித் தலைப்புகளை அனுப்புவாள். 'பல்லி விழுந்ததா? உடனே இதைச் செய்யுங்கள்', 'நடிகை சொன்ன ஒரே வார்த்தை... ஆடிப்போன இயக்குநர்' என்கிற ரகம் வந்தால் தூண்டில் என்று குறிக்க வேண்டும். 'பால் விலை உயர்வு' என்று மொட்டையாக வந்தால் நேர்த் தலைப்பு என்று குறிக்க வேண்டும். ஒரே தலைப்பை மூன்று பேர் பார்ப்பார்கள். இரண்டு பேர் சொல்வதுதான் கணக்கு. அடிக்கடி தனியாக நிற்கிறவரை வேலையிலிருந்து கழற்றிவிடுவார்கள்.

மைத்ரேயி முதல் நாளே போனில் தெளிவாகத்தான் சொன்னாள். உள்ளே இருக்கிற விஷயம் உண்மையா பொய்யா என்பது நம் வேலை இல்லை, தலைப்பு ஆளை இழுக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்றாள். சாராளும் சரி என்றாள். ஆனால் ஒரு வேலையைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மாதக்கணக்கில் செய்தால் அது சும்மா விடுமா? கையிலிருந்து மண்டைக்கு ஏறிவிடாதா? கேள்விக்குறி கண்டால் தூண்டில், மூன்று புள்ளி கண்டால் தூண்டில், ஆபத்து என்கிற வார்த்தை கண்டால் தூண்டில். தூண்டில் என்றால் பொய். அவளுக்குள் இந்தக் கணக்கு எப்போது விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. வருஷம் ஒன்று ஆவதற்குள் அவள் எதையும் படிக்கிறதே இல்லை, தள்ளுகிறதோடு சரி.

அன்பு பழைய பேட்டரிகளை உடைத்து, அதிலிருக்கிற காரீயத்தை உருக்கி எடுக்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். அந்தக் கம்பெனிக்கு போர்டில் ஒரு பேர், பில்லில் ஒரு பேர், கான்ட்ராக்டர் வாயில் ஒரு பேர், அதனால் பேரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. பர்மனென்ட் ஆட்களுக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மத்தியானம் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் உள்ளே போன தூசியெல்லாம் இறங்கிவிடும் என்பார் மேஸ்திரி. இவர்களும் நம்பி வாயில் போட்டுக்கொள்வார்கள். எனக்கும் ரத்தம் பாருங்கள் என்று கேட்ட ஆளை மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். இது எங்கேயும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் எழுதிவைத்த எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக நடந்தது.

போன வருஷம் வெயில் ஆரம்பிக்கிற சமயம் அன்புவுக்கு வயிறு முறுக்க ஆரம்பித்தது. சாப்பிட்டால் முறுக்கும், சாப்பிடாவிட்டாலும் முறுக்கும். வெளிக்குப் போவதே பாடாய்ப் போயிற்று. கம்பெனிக்கு வருகிற டாக்டர் கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்து காலனி மரத்தடியில் ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தபோது, அன்புவோடு வேலை செய்கிற சின்னராசு தன் போனைச் சாராளிடம் நீட்டினான். யாரோ ஒருவன் வீடியோ போட்டிருந்தான். 'பேட்டரி கம்பெனியில வேலை செய்றீங்களா? வயிறு முறுக்குதா? இதைப் பாக்காம விட்டா உசுருக்கே ஆபத்து...' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு, பக்கத்தில் ஒரு மண்டையோடு.

சாராளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேள்வி இரண்டு, புள்ளி மூன்று, ஆபத்து ஒன்று, போதாததற்கு மண்டையோடு. இவ்வளவு சுத்தமான தூண்டிலை அவள் வேலையில்கூடப் பார்த்ததில்லை. எல்லார் எதிரிலும் அதைப் பிரித்துப் பிரித்துக் காட்டினாள். ஆம்பிளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இல்லம்மா, உள்ளே அவன் என்ன சொல்றான்னா என்று சின்னராசு ஆரம்பித்தான்.

"உள்ள போனாத்தானேண்ணா அவனுக்குக் காசு," என்றாள் சாராள். "நீ இன்னா சின்னப் பிள்ளையா? மண்டையோட்டப் பாத்து பயந்துக்கினு இருக்கிற."

சின்னராசுவின் முகம் சுண்டிப்போனது. போனை வாங்கி ஜேபியில் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் அவன் எதையும் யாருக்கும் அனுப்பவில்லை. கொஞ்ச நாளில் அந்த வேலையே வேண்டாம் என்று தடா பக்கம் மச்சான் ஊருக்குப் போய்விட்டான். போகும்போது அன்புவிடம், உன் சம்சாரம் படிச்சவங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அன்பு அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னான். அவளும் பெருமையாகக் கேட்டுக்கொண்டாள். என்ன சொல்ல!

அந்தச் சமயத்தில் மைத்ரேயியின் ஆராய்ச்சி அடுத்த கட்டத்துக்குப் போனது. இந்தத் தடவை செய்தி இல்லை, வைத்தியம். சாதாரண ஜனங்கள் தங்கள் பாஷையில் கேட்கிற உடம்புக் கேள்விகளுக்கு இயந்திரம் சரியாகப் பதில் சொல்லுமா என்று பார்க்கிறார்களாம். தமிழில் கேள்விகளே போதவில்லை, நீங்களும் அக்கம்பக்கத்தில் பார்த்ததைக் கேள்வியாக எழுதலாம், நிஜமான டாக்டர்கள் உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள் என்றாள் மைத்ரேயி. வயது, வேலை, வீட்டில் யார் யார், எத்தனை நாளாகத் தொந்தரவு, எல்லாம் எழுத வேண்டும். பேர் மட்டும் எழுதவே கூடாது. அப்புறம் டாக்டர் எழுதிய பதிலும் இயந்திரம் எழுதிய பதிலும் பக்கத்தில் பக்கத்தில் வரும். எது நன்றாகப் புரிகிறது என்று இவர்கள் குறிக்க வேண்டும்.

எதிர்வீட்டு அஞ்சம்மாளுக்குச் சர்க்கரை. உள்ளங்காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது, மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். சாராள் அதைக் கேள்வியாக எழுதினாள். அடுத்து வந்த கேள்விக் கட்டிலேயே அந்தக் கேள்வி பதிலோடு அவள் திரைக்கு வந்துவிட்டது. பற்றுப் போடாதீர்கள், செருப்பில்லாமல் நடக்காதீர்கள், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார். சாராள் அஞ்சம்மாளை ஆட்டோவில் ஏற்றி அழைத்துப் போனாள். கால் பிழைத்தது. அன்றிலிருந்து சாராளுக்கு அந்தத் திரையின் மேல் வேதப் புத்தகத்துக்கு அடுத்த நம்பிக்கை. தலைப்பில் கத்துகிற பயல்கள் எங்கே, பேர்கூடப் போட்டுக்கொள்ளாமல் பதில் எழுதுகிற டாக்டர்கள் எங்கே என்று அன்புவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஜூலை மாதம் அன்புவின் வலது கை தகராறு செய்ய ஆரம்பித்தது. சட்டைப் பட்டன் போட வரவில்லை. சோற்றைப் பிசைந்தால் மணிக்கட்டு தொய்ந்தது. பல் விளக்கும்போது ஈறோரம் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. அதைவிடக் கொடுமை, ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று ஒருநாள் அவனே கேட்டான்.

அவளுக்கு உடனே கம்பெனி கேட்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. "இரு மாமா," என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா ரத்தம் எடுப்பான், அது கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை பூடும். நான் நம்ம டாக்டருங்களுக்கு எழுதிப்போடறேன். இன்னா சொல்றாங்கன்னு பாத்துக்கினு அப்பால போலாம்."

எழுதினாள். ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. 'என் கணவருக்கு வயது முப்பத்தாறு. பழைய பேட்டரி உருக்கும் இடத்தில் வேலை. நாலு மாதமாக வயிற்றை முறுக்கிச் சுருண்டு படுக்கிறார். வலது மணிக்கட்டு தூக்க வரவில்லை. ஈறில் நீலக்கோடு தெரிகிறது. காரணமில்லாமல் கோபம் வருகிறது. குடிப்பழக்கம் கிடையாது. வீட்டில் நானும் நாலு வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறோம். இது என்ன நோய்? பயப்பட வேண்டுமா?' அனுப்பிவிட்டு ஒரு நிமிஷம் ஜெபமும் செய்தாள்.

அடுத்த கட்டு வந்தது. அதில் அந்தக் கேள்வி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. யார் யாருக்கோ தலைமுடி கொட்டியது, யாரோ ஒருத்திக்குப் பால் சுரக்கவில்லை, ஒரு கிழவருக்கு ஒன்றுக்கு நிற்கவில்லை, எல்லாவற்றுக்கும் டாக்டர்கள் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்கள். அன்புவுக்கு மட்டும் யாரும் எழுதவில்லை. மைத்ரேயியிடம் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாள். எழுதிய கேள்விக்கெல்லாம் பதில் வருமா மேடம் என்றாள், தன் வீட்டுக் கதை என்று மட்டும் சொல்லவில்லை. சொந்த விஷயத்தை வேலையில் நுழைத்தாள் என்று கழற்றிவிட்டால் என்ன செய்வது என்று பயம். எல்லாக் கேள்விக்கும் டாக்டர்கள் பதில் எழுதுகிறார்கள், கவலைப்படாதீர்கள் என்றாள் மைத்ரேயி. அவள் சொன்னது சத்தியம். அதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

பதில் வரவில்லை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை என்று அர்த்தம், ஆபத்தாக இருந்தால் டாக்டர் சும்மா இருப்பாரா என்று சாராள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்புவுக்கும் அதையே சொன்னாள். அவள் சொன்னால் அவனுக்கு வேறு பேச்சேது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தான்.

நவம்பரில், அடைமழை நாளொன்றில், அவன் கையிலிருந்த கரண்டி நழுவி உருகின காரீயம் தரையில் சிந்தியது. நல்லவேளை, யார் காலிலும் படவில்லை. அன்பு குனிந்து கரண்டியை எடுக்கப் பார்த்தான், கை மணிக்கட்டோடு தொங்கியது. எடுக்கவே முடியவில்லை. மேஸ்திரி பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் கேட்டில் அவன் பேர் இல்லை. எதை நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தார்களோ, அந்த வேலை ஆஸ்பத்திரிக்குப் போகாமலே போய்விட்டது.

"நான் தூக்குன்னு சொல்றேன் சாரா, அது கேக்கமாட்டேங்குது," என்றான் அன்பு, கையை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டு. கோபப்படக்கூட இல்லை.

அப்புறம் பொன்னேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனார்கள். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, தினமும் குடிப்பீங்களா என்று கேட்டார். அன்பு சாராயத்தைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது என்று சாராள் சொன்னதை அவர் நம்பவே இல்லை. எல்லாச் சம்சாரமும் இப்படித்தான் சொல்வார்கள் என்கிற மாதிரி சிரித்துவிட்டு, சத்து ஊசி எழுதிக் கொடுத்தார். அன்பு அந்த ஊசியையும் போட்டுக்கொண்டான். பெரியபாளையத்தில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறவனிடமும் போய்வந்தான். கை தொங்கியது தொங்கியபடியே இருந்தது. வீடு சாராளின் வேலையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காலையில் எழுந்ததும் ஊர் பேர் தெரியாத ஜனங்களின் நோய்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள்.

மார்ச் மாதம் மைத்ரேயி அழைத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஆராய்ச்சிக் கட்டுரையை வெளிநாட்டில் பெரிய இடத்தில் ஏற்றுக்கொண்டார்களாம், காலேஜில் ஒரு விழாவாம், கேள்வி எழுதியவர்களைக் கூப்பிட்டுச் சால்வை போடப் போகிறார்களாம். குழந்தையை அன்புவிடம் விட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு சாராள் ரயிலேறினாள். அங்கே டாக்டர்கள் யாராவது வந்திருந்தால் அன்புவின் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் மனசில் இருந்தது. சால்வை யாருக்கு வேண்டும்?

குளுகுளு ஹால். சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். மைத்ரேயிக்கு வழிகாட்டியான புரொபசர் ஜனார்தனன் மேடையேறிப் பேசினார். நல்ல மனுஷன், தமிழில்தான் பேசினார். எல்லாக் கேள்விகளையும் இயந்திரத்துக்குக் காட்டிவிட்டால் அது மனப்பாடம் பண்ணிவிடும், ஆகவே சீட்டுக் குலுக்கின மாதிரி ஒரு பங்கு கேள்விகளை எடுத்து, டாக்டர் பதிலோடு பூட்டி வைத்துவிட்டோம், பரீட்சை முடிகிறவரை அதை வெளியே ஒருத்தர் கண்ணிலும் காட்டவில்லை என்றார். பெரிய பெரிய இயந்திரங்கள் எல்லாம் இந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தன, எல்லாவற்றையும் தோற்கடித்த ஒரு கேள்வி இருக்கிறது, எங்கள் மொத்தச் சேகரிப்பிலும் அதுதான் மாணிக்கம் என்றார். திரையில் எழுத்துகள் வந்தன.

'என் கணவருக்கு வயது முப்பத்தாறு. பழைய பேட்டரி உருக்கும் இடத்தில் வேலை.'

சாராளுக்கு முதலில் பெருமையாகக்கூட இருந்தது, இல்லை என்று சொல்வானேன். தன் எழுத்து அவ்வளவு பெரிய திரையில்! கீழே இயந்திரங்களின் பதில். ஒன்று அஜீரணம் என்றது, சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னது. இன்னொன்று நரம்புத் தளர்ச்சி என்றது. ஹாலில் சிரித்தார்கள். அதற்கும் கீழே டாக்டர் பதில். 'இது காரீய நஞ்சாக இருக்கவே அதிக வாய்ப்பு. வேலையை உடனே நிறுத்திவிட்டு ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கவும். சீக்கிரம் சிகிச்சை ஆரம்பித்தால் கை முழுக்கத் திரும்பும்.' எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சாராளைப் பார்த்து, நீங்களும் தட்டுங்கள் என்கிற மாதிரி சிரித்தாள்.

சாராளுக்குச் சின்னராசுவின் முகம் சுண்டியது ஞாபகம் வந்தது. அந்த வீடியோக்காரன் காசுக்குக் கத்தினானோ எதற்குக் கத்தினானோ, இதைத்தானே கத்தியிருக்கிறான்! பாவி, ஒரு நிமிஷம் உள்ளே போய்ப் பார்க்கவிடாமல் பண்ணிவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கத்தினவனைத் தள்ளிவிட்டு, பேசாதவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காபி இடைவேளையில் மைத்ரேயியைத் தனியாக ஓரங்கட்டினாள். அந்தப் பதிலை டாக்டர் எப்போது எழுதினார் என்று கேட்டாள். மைத்ரேயி லேப்டாப்பைத் திறந்து பார்த்து, போன ஜூலை கடைசியில், கேள்வி வந்த மூணாவது நாளே எழுதிட்டார் என்றாள். சொல்லிவிட்டுத்தான் சாராளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ, சாராள்... உங்க ஆத்துக்காரரா?" என்றாள். "நீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. பேரெல்லாம் எடுத்துடறோம். யார் எழுதினான்னு எங்களுக்கே தெரியக் கூடாதுன்னுதான் விதி."

"தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பீங்களா மேடம்?"

மைத்ரேயி பொய் சொல்லத் தெரியாத பெண். "பரீட்சை முடியற வரைக்கும்... முடிஞ்சிருக்காது," என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கண்ணீரை வைத்துக்கொண்டு சாராள் என்ன செய்வாள்? அவளுக்கு அந்தப் பெண்ணை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அறைவதற்கு அங்கே ஆளே இல்லை என்றும் தெரிந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. டாக்டர் ஒழுங்காக எழுதினார், இவர்கள் ஒழுங்காகப் பூட்டினார்கள்.

திரையில் காட்டினது பாதிதான், முழுப் பதிலும் கொள்ளவில்லை என்று மைத்ரேயி தயங்கித் தயங்கிச் சொன்னாள். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள். சாராள் குனிந்து மீதியைப் படித்தாள். 'அவர் வேலை உடுப்பை வீட்டில் துவைக்க வேண்டாம். அதிலுள்ள தூசி பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளை அதிகம் பாதிக்கும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நாலு வயதுக் குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குழந்தைக்கும் இன்றே ரத்தம் பார்க்கவும்.'

அந்த இன்றே போன ஜூலையில் வந்த இன்றே. அதற்கப்புறம் நவம்பர் வரைக்கும் அன்பு தினமும் அதே உடுப்போடு வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாக இளமதி ஓடிப்போய் அவன் மேலே ஏறுவாள், சட்டையில் முகத்தைத் தேய்ப்பாள். அவனும் அலுப்போடு அலுப்பாக அவளை மார்மேல் போட்டுக்கொண்டு படுத்திருப்பான். சாராள் அந்தச் சட்டையைக் குழந்தையின் பாவாடையோடு ஒரே பக்கெட்டில் ஊறப் போடுவாள். கை ஒன்றுக்காகத்தான் இத்தனை நாளும் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

சால்வையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு வெளியே வந்து, ஸ்டேஷனிலிருந்து அன்புவுக்குப் போன் போட்டாள். பாப்பாவை உன் பழைய சட்டைத் துணிமணி எதையும் தொடவிடாதே என்றாள். ஏன் என்று கேட்டான். ரயில் சத்தத்தில் சொல்ல முடியவில்லை, அழுகைதான் வந்தது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது அன்பு அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. குழந்தையை மடியிலிருந்து மெல்ல இறக்கித் தரையில் விட்டுவிட்டு, தள்ளிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான். இளமதி திரும்பத் திரும்ப அவன் மேல் ஏறப் பார்த்தாள். அவன் இடது கையால் தள்ளிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் காலையிலிருந்து காத்திருந்து டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். சின்ன வயசுதான். அன்புவின் கையைப் பிடித்துத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், உதட்டைப் பிரித்து ஈறைப் பார்த்தார். பேட்டரி கம்பெனியா என்று அவரே கேட்டார். அவருக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கை இனிமேல் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள் என்றார். குழந்தையின் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும், காரீயம் மூளையில் கெடுத்ததை மருந்தால் திரும்பக் கொண்டுவர முடியாது என்றும் சொன்னார்.

நர்ஸ் இளமதியின் கையில் ரப்பரைக் கட்டினாள். குழந்தை வீறிட்டது. அன்பு வெளியே போய்விட்டான். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. சாராளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாத்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க," என்றார். "இத்தனை மாசமா வீட்டுக்குள்ளயே வெச்சிக்கிட்டு இருந்திருக்கீங்களேம்மா. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேன் மேடம்," என்றாள் சாராள், குழந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு. "பதிலும் எழுதிட்டாங்க. எங்களுக்குத்தான் சொல்லல."